பயமுறுத்துற பாட்டு ஏன் எங்களுக்குப் பிடிக்குது?

வடலிக்குருவி எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். கன நாளாக் கேக்க வேணும் எண்டு நினைச்ச விசயம். எனக்கு டூம் மெற்றல், டார்க் அம்பியண்ட் மாதிரிச் சாமான்தான் கூடப் பிடிக்கும். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், மெற்றல் எண்டுறது கிற்றாரைக் கடும் சத்தமா அடிக்கிற ரொக் பாட்டு, டூம் எண்டுறது அதில சரியான மெதுவாப் போற வகை, கிற்றாரைத் தாழச் சுருதி இறக்கி வைச்சு ஒரு அடி அடிச்சுப்போட்டு அது அடங்கும் வரைக்கும் விட்டிடுவினம், பிறகுதான் அடுத்த அடி. டார்க் அம்பியண்டில அதுவும் இல்லை. தாளம் இல்லை, பாடுற ஆள் இல்லை, தாழ்ந்த இரைச்சல் ஒண்டு அரை மணித்தியாலத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், இடைக்கிடை எங்கயோ தூரத்தில இரும்பு உரசுற சத்தம் வரும், அவ்வளவுதான்.

இரவு எல்லாரும் படுத்தாப் பிறகு லைற்றை நூத்துப்போட்டு ஹெட்செட்டில கேக்கிறனான். துவங்கேக்க பயமாத்தான் இருக்கும், பிடரி மயிர் எழும்பும், கதவுப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாப்பன். ஆனா நிப்பாட்ட மனம் வராது. முடிஞ்சாப் பிறகு உடம்பெல்லாம் லேசான மாதிரி ஒரு நிம்மதி, நித்திரையும் வடிவா வரும். இது எப்பிடி? பயம் எண்டா விலகி ஓடத்தானே வேணும், நான் ஏன் தேடிப் போறன்?

அம்மா சொல்லுறா உது செத்தவீட்டுச் சத்தம், வீட்டுக்க போடாத எண்டு. கம்பஸில கூட்டாளிமார் சொல்லுகினம் உதைக் கேட்டுக் கேட்டு டிப்ரசன் வரும் எண்டு. ஒருத்தி சொன்னாள் உது சாத்தானைக் கும்பிடுற ஆக்களின்ர பாட்டாம். எனக்கு ஒரு கவலையும் இல்லை, படிப்பு ஒழுங்காப் போகுது, நல்லாச் சாப்பிடுறன். ஆராவது விசயம் தெரிஞ்ச ஆக்கள் வடிவா விளங்கப்படுத்துங்கோ. "அது அவரவர் ரேஸ்ற்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போகாதேங்கோ, அது எனக்கும் தெரியும்.

---

கோண்டாவில் சவுண்ட் எழுதினது:

தங்கச்சி, நான் திருவிழா, கலியாணவீடு, பள்ளிக்கூட விழா எல்லாத்துக்கும் சவுண்ட் கட்டுற ஆள், அதால சத்தப் பக்கத்தை மட்டும் சொல்லுறன், மனசுப் பக்கத்தை வேற ஆக்கள் வந்து சொல்லட்டும்.

முதலாவது அந்தத் தாழ்ந்த சத்தம். சாதாரணமாச் சுருதி கூட்டின கிற்றாரில தடிச்ச கம்பி 82 ஹேர்ட்ஸ் கிட்ட வரும், எண்டா செக்கனுக்கு 82 தரம் அதிரும். உங்கட டூம் காரர் அதை 60, 65 மட்டுக்கும் இறக்கிப்போடுவினம், பேஸ் கிற்றார் அதுக்கும் ஒரு ஸ்தாயி கீழ, 30 சொச்சத்தில நிக்கும். உந்த இடத்தில காதை விட நெஞ்சுதான் கூடக் கேக்கிறது. திருவிழாவில சப்வூஃபருக்கு முன்னால நிண்ட ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, போட்டிருக்கிற சேட்டே ஆடும். உலகத்தில தாழ்ந்த சத்தம் போடுறது எல்லாம் பெரிய சாமான், யானை, இடி, கடல் கொந்தளிக்கிறது, பாறை உருளுறது. எலியோ குருவியோ அப்பிடிச் சத்தம் போட ஏலாது. அதால என்ன ஏது எண்டு யோசிக்க முதலே உடம்பு எழும்பி நிண்டிடும்.

இரண்டாவது கரகரப்பு, இதுதான் முக்கியம். 2015ல வந்த ஒரு ஆராய்ச்சி, மனிசர் வீரிட்டுக் கத்தேக்க சத்தம் என்ன மாதிரிப் போகுது எண்டு அளந்து பாத்தவை. நாங்கள் சும்மா கதைக்கேக்க சத்தம் செக்கனுக்கு நாலு அஞ்சு தரம்தான் ஏறி இறங்கும். வீரிடேக்க அது 30இல இருந்து 150 தரம் வரைக்கும் போகுதாம். அந்தக் கரகரப்புக் கூடக் கூட கேக்கிற ஆளின்ர மூளையில அமிக்டலா எண்டுற பகுதி, ஆபத்து வந்தா முந்தி முழிக்கிறது அதுதான், கூட வேலை செய்யிறதை ஸ்கேனில பாத்திருக்கினம். அலாரச் சத்தமும் அதே கரகரப்பில இருக்கிறதையும் கண்டவை. இப்ப உங்கட பாட்டை யோசியுங்கோ. கிற்றாருக்கு டிஸ்ரோர்சன் போட்டுச் சத்தத்தைக் கரகரப்பாக்கிறது என்னத்துக்கு, அந்தத் தொண்டைக் குரல் என்னத்துக்கு? அந்தக் குரல் போடுற ஆக்கள் உண்மையான குரல்நாணுக்கு மேல இருக்கிற மற்ற மடிப்பையும் சேத்து அதிர வைக்கினம், ரெண்டும் சேர்ந்து அதிரேக்கதான் அந்த உறுமல் வரும். ஆபத்து எண்டு உடம்பு நம்புற சத்தத்தை வேணுமெண்டு, சுருதியோட, தாளத்தோட செய்யிற வேலை அது. நான் மைக்கில அந்தக் குரல் போடுற ஒரு பெடியனுக்கு லெவல் வைச்சிருக்கிறன், கேக்கிறதுக்குக் காட்டுக்கத்தல் மாதிரி, மீற்றரில பாத்தா அவன் கத்தவே இல்லை, கதைக்கிற அளவுக்குக் கொஞ்சம் மேலதான், எல்லாம் தொண்டைக்குள்ள பழக்கி எடுத்த கட்டுப்பாடு.

படத்திலயும் இதுதான். 1960ல வந்த சைக்கோ படத்தில குளிச்சுக்கொண்டு நிக்கிற பொம்பிளையைக் குத்திக் கொல்லுற காட்சிக்கு மியூசிக்கே வேண்டாம் எண்டுதான் டைரக்டர் ஹிட்ச்கொக் முதலில சொன்னவர், மியூசிக் போட்ட பேர்னாட் ஹேர்மன் எழுதிக் காட்டின பிறகு மனசை மாத்தினவர். அந்தப் படம் முழுக்கத் தந்தி வாத்தியம் மட்டும்தான், வயலினைத்தான் அப்பிடிக் கீச்சிட வைச்சவர். மியூட்டில போட்டுப் பாத்தா அந்தக் காட்சியில பாதிப் பயம் இல்லை.

சாத்தான் கதைக்கும் ஒண்டு சொல்லுறன், அது எனக்குச் சரியான கோவம் வாற விசயம். உந்த மெதுவான பாரமான சத்தத்தைத் துவக்கின பிளாக் சபத், இங்கிலாந்தில பேர்மிங்காம் எண்டுற தொழிற்சாலை ஊர்ப் பெடியள். கிற்றார் அடிக்கிற ரோனி அயோமிக்கு 17 வயசில தகரம் வெட்டுற மெசினில ரெண்டு விரல் நுனி போட்டுது. பிளாஸ்ரிக்கை உருக்கித் தானே விரலுக்கு மூடி செய்து போட்டு, மெல்லிய கம்பி மாட்டி, பேந்து அதையும் இளக்கி வைச்சு வாசிச்சவர், விரல் நோகாம இருக்க. அந்த இளக்கின கம்பியின்ர சத்தத்தைத்தான் இண்டைக்கு உலகம் முழுக்க இருட்டுச் சத்தம் எண்டு ரசிக்குது. 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, முதல் இசைத்தட்டு வந்தது. அதில முதல் பாட்டில பேசுற ஆள் சாத்தானைக் கண்டு நடுங்கிக் கடவுளே காப்பாத்து எண்டு கத்துறான். அதைப் போய்க் கும்பிடுற பாட்டு எண்டா என்ன சொல்ல.

---

மருதனார்மடம் ரீச்சர் எழுதினது:

கோண்டாவில் தம்பி சொன்னது நல்ல விளக்கம். ஆனா சத்தத்துக்குள்ளயே பயம் இருக்கெண்டு முடிச்சிட ஏலாது. அவர் சொன்ன அந்த முதல் பாட்டை எனக்கு ஒரு மாணவன் போட்டுக் காட்டினவன். அதில வாற மூண்டு சுரமும் சட்ஜம் (ச), மேல் சட்ஜம், பிறகு பிரதிமத்திமம் (கூட்டின ம). அந்த சட்ஜம் பிரதிமத்திம இடைவெளிக்குத்தான் ஐரோப்பாவில 18ஆம் நூற்றாண்டில இசை இலக்கணம் எழுதினவை சாத்தானின்ர பேரை வைச்சவை. எங்கட 72 மேளகர்த்தாவில, எண்டா தாய் ராகங்களில, சரிபாதி, 36 மேளம், அதே பிரதிமத்திமம்தான். கல்யாணியை எடுங்கோ. கலியாணவீட்டில நாதஸ்வரகாரர் கல்யாணி வாசிக்கேக்க ஆராவது பயந்து எழும்பிப் போனவையே? அதே பிரதிமத்திமத்தோட ரிஷபத்தையும் காந்தாரத்தையும் தைவதத்தையும் இறக்கிச் சுபபந்துவராளி பாடினா நெஞ்சு கனக்கும். அப்ப ஒரு சுரம் தனிய நிண்டு பயத்தைத் தாறதில்லை. அதுக்குப் பக்கத்தில என்ன நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குது, எங்க கேக்கிறம், முந்தி எங்க கேட்டனாங்கள், எல்லாம் சேர்ந்துதான்.

பறையும் அப்பிடித்தான். யாழ்ப்பாணத்தில கனபேருக்குப் பறைமேளம் எண்டாலே சா நினைவு. ஆனா அந்த வாத்தியம் அம்மன் கோயிலிலயும் வைரவர் கோயிலிலயும் அடிபட்டது. அதைச் செத்தவீட்டோட கட்டிப்போட்டு, அடிக்கிற ஆக்களையும் அந்த வேலைக்குள்ளயே கட்டி வைச்சது எங்கட சாதிக்கட்டமைப்பு. அந்தத் தோலுக்குள்ள பயம் இல்லை, நாங்கள் பழக்கின பயம். வடலிக்குருவி மகளின்ர அம்மா செத்தவீட்டுச் சத்தம் எண்டு சொல்லுறதுக்குப் பின்னாலயும் இந்தப் பழக்கம்தான் நிக்குது, அவவில பிழை சொல்லேல்ல.

இன்னுமொண்டு. பயத்தை ரசிக்கிறது மேல்நாட்டில இருந்து வந்த புதுப் பழக்கம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. தொல்காப்பியத்தில மெய்ப்பாடு, எண்டா உள்ள உணர்ச்சி உடம்பில தெரியிறது, எட்டு, நகை அழுகை இளிவரல் மருட்கை அச்சம் பெருமிதம் வெகுளி உவகை. அச்சத்துக்குத் தனி இடம் குடுத்து அது நாலு வழியால வரும் எண்டும் சொல்லியிருக்கு, அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கலையில அச்சம் இருக்க வேணும் எண்டு கணக்குப் போட்டு வைச்ச ஆக்கள் நாங்கள். கலிங்கத்துப்பரணியில பேய்கள் போர்க்களத்தில கூழ் காய்ச்சிக் குடிக்கிற பகுதியைப் படிச்சுப் பாருங்கோ, குலோத்துங்கன்ர வெற்றியைப் பாடுறதுக்குச் செயங்கொண்டார் பேயைத்தான் கூப்பிட்டவர்.

ஆனா நான் உண்மையாச் சொல்ல வந்தது காரைக்கால் அம்மையாரை. பதினோராம் திருமுறையில இருக்கிற திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" எண்டு துவங்குது. வற்றின மார்பு, புடைச்ச நரம்பு, குழி விழுந்த வயிறு, செம்பட்டை மயிர், நீட்டின பல்லோட ஒரு பெண்பேய் வறண்ட காட்டில நிண்டு அலறுது. அந்தக் காட்டிலதான் எங்கள் அப்பன் உடம்பு குளிர நெருப்பில ஆடுறான் எண்டு பாட்டு முடியுது. அதே பதிகத்தில பின்னுக்கு ஒரு பாட்டில துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி எண்டு சுரங்களைச் சொல்லி, சச்சரி, கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை எண்டு வாத்தியங்களையும் அடுக்குறா. சுடுகாட்டுக்குள்ள ஒரு முழுக் கச்சேரி! தன்னைக் காரைக்காற் பேய் எண்டு தானே சொன்ன மனிசி அவ, அறுபத்துமூவரில ஒராள்.

இந்தப் பதிகத்தின்ர பண், எண்டா பழைய தமிழ் ராகம், நட்டபாடை. இப்ப கம்பீரநாட்டையில பாடுவினம், சாமி வெளிக்கிடேக்க மல்லாரி வாசிக்கிற அதே கம்பீரநாட்டை. "தோடுடைய செவியன்"உம் அதே பண்தான். அதிலயும் ரெண்டாவது அடியில "காடுடைய சுடலைப் பொடி பூசி" எண்டு வருது. சுடலைச் சாம்பல் பூசின ஆளை உள்ளங்கவர் கள்வன் எண்டு காலமை பள்ளிக்கூடத்தில சின்னப்பிள்ளையள் கைகூப்பிப் பாடுதுகள். ஆரும் அதுகளுக்கு டிப்ரசன் வரும் எண்டு சொல்லேல்ல.

---

பழைய ஆள் எழுதினது:

எல்லாரும் படிச்ச ஆக்கள், நல்லா எழுதுறியள். நான் மற்றப் பக்கத்தைச் சொல்லுறன்.

எனக்கு உந்தப் பாட்டு ஏலாது. மருமகன்காரன் ஒருநாள் வானில போட்டவன், தாழ்ந்த சத்தம் வந்த உடன கை தானா சீற்றைப் பிடிச்சிட்டுது. நிப்பாட்டு எண்டன். அவனுக்கு விளங்கேல்ல, நானும் விளங்கப்படுத்தேல்ல.

ஆமிக்காம்பில இருந்து ஷெல் குத்திற சத்தம் ஒண்டு இருக்கு. தூரத்தில, தாழ, ஒரு குத்து. அது கேட்டா பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில எல்லாரும் வாயை மூடிக்கொண்டு மேல பாப்பினம். கூவிக்கொண்டு போனா எங்களைத் தாண்டுது. கூவுறது அறுந்தா பங்கருக்க பாய வேணும். தங்கச்சி எழுதியிருக்கிறா ஒரு அடி அடிச்சிட்டு அடங்கும் வரைக்கும் விடுறது எண்டு. அந்த இடைவெளி எங்களுக்கு ரசிக்கிற சாமான் இல்லை.

1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத வருசங்களில சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேப் ரெக்கோடர் கேட்ட ஆக்கள் நாங்கள். சுத்திறது மெதுவானா பாட்டு இழுபட்டுத் தடிச்சு ஒரு பேய்க்குரலாப் போகும். சின்னனுகள் அதுக்கு விழுந்து விழுந்து சிரிக்குங்கள், இன்னும் மெதுவாச் சுத்து மாமா எண்டு கேக்குங்கள். வெளியில நடக்கிறது அதுகளுக்குத் தெரியாம இல்லை. நல்லாத் தெரியும். எண்டாலும் அந்தக் குரலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டதுகள். ஏன் எண்டு எனக்கு இண்டைக்கும் யோசினைதான்.

இளம் ஆக்கள் கேக்கிறதை வேண்டாம் எண்டு சொல்ல வரேல்ல. வீட்டில என்ர வயசு ஆக்கள் இருந்தா ஸ்பீக்கரில போடாதேங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்.

---

மனசுவாசல் எழுதினது:

ஐயா எழுதினதை வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் எழுதாம இருந்தனான். ஐயா கேட்ட ஏன் எண்டதுக்கு ஐயாவின்ர எழுத்திலயே மறுமொழி இருக்கு எண்டு நான் நினைக்கிறன். பெடலைச் சுத்தினது மாமா, மெதுவாச் சுத்து எண்டு கேட்டது பிள்ளையள். அந்தப் பேய்க்குரல் எப்ப வரும், எப்ப நிக்கும் எண்டது அவையின்ர கையில. வெளியில வந்த சத்தம் ஆற்ற கையிலயும் இல்லை. எந்தச் சத்தத்தையும் நிப்பாட்டேலாத காலத்தில நிப்பாட்டக்கூடிய ஒரு பயத்தை அந்தப் பிள்ளையள் வைச்சு விளையாடியிருக்குதுகள்.

நான் உளவளத்துணைப் பக்கம் படிக்கிற ஆள். போல் ரோசின் எண்டுற உளவியலாளரும் கூட இருந்த ஆக்களும் 2013ல எழுதின கட்டுரை ஒண்டு இருக்கு. உடம்பு ஆபத்து எண்டு கத்துது, புத்திக்கு ஆபத்து இல்லை எண்டு தெரியும், அந்த ரெண்டுக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்தில ஒரு சந்தோசம் பிறக்குது எண்டுதான் அவை சொல்லுகினம். ரோசின் கனக்க ஆராய்ஞ்சது உறைப்பைப் பற்றி. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, கண்ணீர் வர வர நண்டுக்கறியை இன்னும் கொஞ்சம் விடு எண்டு கேக்கிற ஆக்கள் நாங்கள். நாக்கு எரியுது எண்டு நரம்பு சொல்லுது, எரியேல்ல எண்டு எங்களுக்குத் தெரியும்.

டிப்ரசன் கதைக்கு வாறன். அவுஸ்திரேலியாவில குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில 2015ல 39 பேரை எடுத்தவை, 18இல இருந்து 34 வயசு, எல்லாரும் மெற்றல் மாதிரிக் கடும் சத்தம் வழமையாக் கேக்கிற ஆக்கள். முதலில அவையைக் கோவம் வந்த சம்பவங்களை நினைக்க வைச்சு, பிறகு பாதிப்பேரை அவையின்ர பாட்டைக் கேக்கவிட்டு, மற்றாக்களைச் சத்தமில்லாம இருக்க விட்டவை. பாட்டுக் கேட்ட ஆக்களுக்குக் கோவம் கூடேல்ல. எரிச்சலும் அழுத்தமும் சும்மா இருந்த ஆக்களுக்குக் குறைஞ்ச மாதிரியே அவைக்கும் குறைஞ்சுது, அதோட மனசில ஒரு உற்சாகமும் வந்ததாச் சொல்லியிருக்கினம். கோவத்தில துடிக்கிற உடம்புக்குத் தாலாட்டு ஒட்டாது, அந்தத் துடிப்புக்குச் சமனான சத்தம் ஒண்டு வந்து கையைப் பிடிக்குது எண்டுதான் நான் விளங்கிக்கொண்டது.

கேட்டுக் கேட்டு மனசு மரத்துப்போகுமோ எண்டும் கேப்பினம். அதையும் 2019ல சிட்னி மக்குவாரிப் பல்கலைக்கழகத்தில பாத்தவை. டெத் மெற்றல், எண்டா சாவையும் வன்முறையையும் உறுமிப் பாடுற மெற்றல், அதின்ர ரசிகர் 32 பேர், ரசிகர் இல்லாதவை 48 பேர். ஒரு கண்ணுக்கு வன்முறைப் படம், மற்றக் கண்ணுக்குச் சாதாரணப் படம், ஒரே நேரத்தில காட்டினா மூளை எதை முன்னுக்குக் கொண்டு வருது எண்டு பாக்கிற சோதினை. எங்கட மூளை ஆபத்தைத்தான் முந்திக் காட்டும், மரத்துப்போன ஆளெண்டா அந்த முந்தல் குறைய வேணும். ரசிகருக்குக் குறையேல்ல, மற்றாக்கள் மாதிரியே இருந்துது. அதே ஆராய்ச்சிக்காரர் முந்திச் செய்த வேலையில, இந்தப் பாட்டைக் கேக்கேக்க என்ன வருது எண்டு கேட்டா ரசிகர் சொன்னது பலம், சந்தோசம், அமைதி. மற்றாக்கள் சொன்னது பயம், கோவம், இறுக்கம். ஒரே பாட்டு. தங்கச்சிக்கு முடிவில வாற அந்த நிம்மதி அவவுக்கு மட்டும் நடக்கிற விசயம் இல்லை.

எண்டாலும் ஒரு கவனம் சொல்ல வேணும். பாட்டு முடிஞ்சாப் பிறகு எப்பிடி இருக்கு எண்டதைப் பாருங்கோ. லேசா இருந்தா நல்லது. அதே நினைப்பைத் திரும்பத் திரும்ப அரைச்சுக்கொண்டு, ஆக்களோட கதைக்கப் பிடிக்காம, நித்திரை இல்லாம, பாட்டு அந்தக் கிடங்கை இன்னும் தோண்டுது எண்டு தெரிஞ்சா அப்ப பாட்டை மாத்துறது மட்டும் காணாது, ஆரிட்டையாவது போய்க் கதைக்க வேணும். ஐயா, உங்களுக்கும் சொல்லுறன், கை தானா சீற்றைப் பிடிக்கிறது இவ்வளவு காலத்துக்குப் பிறகும் குறையேல்ல எண்டா அதுக்கும் உதவி இருக்கு. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில கேளுங்கோ, அதில வெக்கப்பட ஒண்டும் இல்லை.

---

குருநகர் பெடியன் எழுதினது:

ரீச்சர் சைவப் பக்கம் சொல்லீட்டா, நான் எங்கட பக்கம் சொல்லுறன். தபசுகாலத்தில பசாம் பாடுறது கேட்டிருக்கிறியளே? யேசுவின்ர பாடுகளை இழுத்து இழுத்து ஒப்பாரி மெட்டில பாடுவினம், மைக் இல்லாம கிழவிமார் சேர்ந்து பாடேக்க வாற அந்த இரைச்சலுக்குத் தங்கச்சியின்ர டார்க் அம்பியண்ட் கிட்டவும் வராது. பெரிய வெள்ளி அண்டைக்கு மணி அடிக்க மாட்டினம், மரத்தால செய்த கிறீச்சிடுற சாமான் ஒண்டைச் சுழட்டுவினம். சின்னனில எனக்கு அது சரியான பயம், அம்மம்மாவின்ர சீலைக்குள்ள முகத்தை வைச்சுக்கொண்டு நிப்பன், எண்டாலும் அடுத்த வருசம் எப்ப வரும் எண்டும் பாத்துக்கொண்டிருப்பன்.

காத்தவராயன் கூத்தும் அப்பிடித்தானே. விடிய விடிய இருந்து பாப்பம், கடைசியில அவன் கழுமரம் ஏறப்போறான் எண்டு தெரியும், கதை எல்லாருக்கும் பாடம். தெரிஞ்சுகொண்டே போய் இருந்து அழுவினம். அழுதுபோட்டு விடியப்புறம் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு வீட்ட வருவினம்.

எனக்குப் படுற வித்தியாசம் என்னெண்டா, அங்க எல்லாரும் கூட இருக்கினம். பயம் வந்தா பக்கத்து ஆளின்ர கையைப் பிடிக்கலாம். ஹெட்செட்டில தனிய இருட்டுக்குள்ள கேக்கிறது அது மாதிரி இல்லை.

---

வடலிக்குருவி எழுதினது:

எல்லாருக்கும் சரியான நன்றி, நான் இவ்வளவு எதிர்பாக்கேல்ல. பழைய ஆள் ஐயா, நீங்கள் எழுதினதுக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்ல. ஸ்பீக்கரில போடமாட்டன், அது உறுதி.

குருநகர் அண்ணை, தனிய கேக்கிறது எண்டுறியள், எனக்கு அது தனிய மாதிரித் தெரியிறேல்ல. அந்தப் பாட்டைச் செய்த ஆள் எங்கயோ நோர்வேயிலயோ பின்லாந்திலயோ ஒரு அறைக்குள்ள இருந்து அதே இருட்டைக் கேட்டிருக்கிறார், அது என்னட்ட வந்து சேருது. பகல் முழுக்க எல்லாரும் எல்லாம் நல்லா இருக்கு எண்ட மாதிரித்தான் கதைக்கினம். பேஸ்புக்கில எல்லாரும் சிரிக்கினம், கடையில போடுற பாட்டு எல்லாம் துள்ளுது. இரவு இந்தச் சத்தம் மட்டும்தான், இல்லை, பயமும் இருக்கு, சாவும் இருக்கு எண்டு நேராச் சொல்லுது. பொய் சொல்லாத ஆளோட இருக்கிற மாதிரி ஒரு ஆறுதல். அதை நான் ஆருக்கும் சொல்லினது இல்லை.

ரீச்சர், அந்த ஆலங்காட்டுப் பதிகம் நாட்டையில பாடினா பயம் வருமோ? நாட்டை எண்டா எனக்குத் துவக்கம், மங்களம், தேர் எண்டுதான் மனசில வருது. பயத்தை ஏன் அவ்வளவு வெளிச்சமான பண்ணில வைச்சவை? சவுண்ட் அண்ணை சொல்லுற மாதிரிப் பாத்தா தாழ்ந்த சுரமா, கரகரப்பா எல்லோ வைக்க வேணும்.

---

மருதனார்மடம் ரீச்சர் எழுதினது:

நல்ல கேள்வி மகள். அதைத்தான் நானும் மாணவர்களுக்குச் சொல்லுறனான். அம்மையார் பயத்தை உண்டாக்கப் பாடேல்ல. பயப்பிடுற இடத்துக்குள்ள போய் இருந்துகொண்டு, இஞ்சதான் எங்கள் அப்பன் ஆடுறான் எண்டு பாடினவ. சொல்லில சுடுகாடு, பண்ணில தேர்வெளிக்கிடு. அந்த ரெண்டையும் ஒரே மூச்சில பாடேக்க தொண்டையில ஒரு சிலிர்ப்பு வரும், கேட்டா விளங்காது, நீங்களே பாடிப் பாக்க வேணும். நீங்கள் சொன்ன அந்த முடிஞ்சாப் பிறகு வாற நிம்மதியை அவ பாட்டின்ர முடிவில வைக்கேல்ல, துவக்கத்திலயே பண்ணுக்குள்ள வைச்சிட்டா எண்டது என்ர எண்ணம். உங்கட டூம் காரர் அதைக் கடைசி மட்டும் தராமல் வைச்சிருக்கினம். வழி வேற.

தாழ்ந்த சத்தமும் கரகரப்பும் எங்களிட்ட இல்லாமலும் இல்லை, அது உடுக்கில இருக்கு. இடுப்பில நாடாவை அமத்தி அமத்தி அந்தச் சத்தத்தை நெளிய வைக்கேக்கதான் உருவாடுற ஆளுக்கு உடம்பு நடுங்கத் துவங்கும். அதுக்குச் சொல்லே தேவையில்லை.

---

கோண்டாவில் சவுண்ட் எழுதினது:

ரீச்சர் சொன்ன உடுக்கு உண்மையான விசயம், கோயில்ல அதுக்கு மைக் வைக்கிறது சரியான கஷ்ரம், நெளியிற சத்தத்துக்கு லெவல் பிடிக்கேலாது. எண்டாலும் ரீச்சரோட ஒரு இடத்தில நான் ஒத்துக்கொள்ள மாட்டன். கல்யாணி பயமில்லை, பறை பழக்கம், எல்லாம் சரி, ஆனா வீரிடுற சத்தத்துக்குப் பழக்கம் தேவையில்லை, பிறந்து கிடக்கிற குழந்தையும் திடுக்கிடும். அடியில உடம்பு, அதுக்கு மேலதான் நாங்கள் பழகின பழக்கம். உதைப் பற்றி நேரில சந்திச்சாக் கதைப்பம்.

தங்கச்சிக்கு ஒரு முக்கியமான விசயம், ஆரும் சொல்லேல்ல. தாழ்ந்த சத்தத்துக்கு எங்கட காது மந்தம், அதால பேஸ் காணாது காணாது எண்டு ஹெட்செட்டில வொலியூமைக் கூட்டிக்கொண்டே போவம், மேல் சத்தம் எல்லாம் அதோட சேர்ந்து ஏறிக் காதை அடிக்கும், தெரியாது. 85 டெசிபல் எண்டா 8 மணித்தியாலம் தாங்கலாம், பிறகு ஒவ்வொரு 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாக் குறையும், 100க்குப் போனா 15 நிமிசம்தான். அரை மணித்தியாலப் பாட்டை 100இல கேட்டா கணக்கைப் பாருங்கோ. இரவு வீடு அமைதியா இருக்கேக்க அவ்வளவு கூட்டத் தேவையே இல்லை. காதுக்குள்ள செருகுற மலிவுச் சாமானை விட்டிட்டுக் காதை முழுக்க மூடுற ஹெட்செட் ஒண்டு எடுங்கோ, வெளிச்சத்தம் வராட்டிக் குறைஞ்ச வொலியூமிலயே அந்த 30, 40 ஹேர்ட்ஸ் வடிவாக் கேக்கும். வாங்க முதல் உங்கட பாட்டையே கடையில போட்டுப் பாத்து வாங்குங்கோ, துள்ளல் பாட்டைப் போட்டுக் காட்டுவினம், அதை நம்பி எடுக்காதேங்கோ.